ஐம்பத்தைந்து பவுண்டு மாப்பிள்ளை

மர்டோ மெக்கிவரின் பேன்ட் பொத்தான் தெறித்து, எதிர் மேசையிலிருந்த ஊனாவின் தேநீர்க் கோப்பைக்குள் ‘ப்ளக்’ என்று விழுந்தபோது மணி பத்தேகால்.

ஊனா கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு மர்டோவைப் பார்த்தாள். மர்டோ ஜன்னலுக்கு வெளியே, இன்வர்னெஸ் ஊருக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த மேகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவன் போல ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“மர்டோ, இது உங்களோடதா?” கரண்டியில் பொத்தானை ஏந்திக்கொண்டு கேட்டாள்.

“என்னோடதா? இல்லியே. மேலேருந்து விழுந்திருக்கும். பழைய கட்டடம்.”

“கூரையைப் பொத்தான் வச்சா மாட்டியிருக்காங்க?”

மர்டோ மேகத்துக்கே திரும்பினான். மூச்சு விட்டால்தானே பதில் சொல்ல முடியும்? மூச்சை விட்டால் பேன்ட் நிற்காது.

அது ஒரு கம்பளிக் கம்பெனி. மலைப்பக்கத்துப் பண்ணைகளிலிருந்து ஆட்டு ரோமத்தை வாங்கி, தரம் பிரித்து, பொதி கட்டி, நெசவாலைகளுக்கு அனுப்புவார்கள். எந்தப் பொதி எந்த லாரியில் போகிறது என்று எழுதுவது மர்டோ. அந்த ஆலைகளுக்குக் கடிதம் எழுதுவது ஊனா. பதினோரு வருஷமாக எதிரெதிர் மேசை. நாலு மணிக்கு அவள் தன் ஷார்ட்பிரெட் பிஸ்கட்டில் பாதியை உடைத்துக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய நாயைச் சாக்காக வைத்து இருவரும் ஆற்றோரம் நடப்பார்கள். சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை மர்டோ அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டதில் அந்த நாயே கிழடு தட்டிவிட்டது.

அன்று மாலை வீட்டில் அவன் தன் ஆறு பேன்ட்டையும் போட்டுப் பார்த்தான். ஒன்றுகூடப் பூட்டவில்லை. ஊக்குப் போட்டான், குனிந்ததும் திறந்துகொண்டு குத்தியது. தோள்வார் மாட்டினான், பேன்ட் மேலே நின்றது, ஆனால் முன்பக்கம் கதவு திறந்த அலமாரி மாதிரி இருந்தது. பெரிய அளவில் புதுசு வாங்கிவிடலாம். ஆனால் நாற்பத்தாறு வயதில் அது தோல்வியை ரசீது போட்டு வாங்குகிற மாதிரி.

அப்போதுதான் கில்ட் ஞாபகம் வந்தது, அந்த மலைநாட்டு ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற, மடிப்பு வைத்த கட்டப் பாவாடை. அதில் பொத்தான் கிடையாது, ஜிப் கிடையாது. தோல்வார், பக்கிள், வரிசையாக நாலைந்து துளை. தொப்பை வளர வளர அடுத்த துளைக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். மூதாதையர்கள் தன்னைப் போன்ற ஒருவனை மனதில் வைத்துத்தான் இதைச் செய்திருக்கிறார்கள் என்று மர்டோவுக்குக் கண் கலங்கியது. மற்றவர்களைப் போல அவனும் கில்ட்டைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறான். தினமும் உடுத்தினால் என்ன? நம் ஊர் உடை, நம் இடுப்பு.

சனிக்கிழமை கடைக்குப் போனான். கடைக்காரர் யூவன் கழுத்தில் டேப்போடு நின்றிருந்தார்.

“தினசரி போடுற மாதிரி ஒண்ணு வேணும். ரொம்பப் படாடோபம் வேணாம். விலையும் அப்படியே.”

யூவன் முதலில் எட்டு கஜத்துச் சுத்தக் கம்பளிக் கில்ட்டை எடுத்துக் காட்டினார். கையால் தைத்தது. மடிப்புகள் கத்தி போல நின்றன. மர்டோ விலைச்சீட்டைத் திருப்பினான். அறுநூற்று இருபது பவுண்டு. திருப்பின வேகத்தில் மறுபடி கவிழ்த்து வைத்தான்.

“இது தினசரிக்கு இல்லைங்க. இதைப் போட்டுக்கிட்டு உக்காரவே பயமா இருக்கும்.”

“அப்ப ஜீன்ஸ் துணில ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் பை வச்சது. எழுபது.”

போட்டுப் பார்த்தான். கண்ணாடியில் தச்சர் ஒருவர் தெரிந்தார்.

“பட்டாளத்துக்காரங்க போடுற பச்சைத் திட்டுல ஒண்ணு, நாப்பத்தஞ்சு.”

அதையும் போட்டான். கண்ணாடியில் இப்போது ஒரு புதர் தெரிந்தது.

“கட்டம் போட்டதே குடுங்க. ஆனா மலிவா.”

“அப்ப பாலியஸ்டர் கலந்தது, அஞ்சு கஜம். வீட்டுலயே மிஷின்ல போட்டுத் துவைச்சுக்கலாம். ஐம்பத்தஞ்சு. இடுப்பு எவ்வளவு?”

“முப்பத்தி நாலு.”

யூவன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “அது எந்த வருஷத்து முப்பத்தி நாலு?”

“போன… இல்ல, கொஞ்ச வருஷத்துக்கு முந்தி.”

“கில்ட்டு தொப்புள் மேல நிக்கணும், தம்பி. பேன்ட் மாதிரி தொப்பைக்குக் கீழே ஒளிச்சுவைக்க முடியாது. மூச்சை விடுங்க. முழுசா விடுங்க. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு, அதையும் விடுங்க.”

மர்டோ விட்டான். ஒரு வாரத்து மூச்சு வெளியே வந்தது.

“நாப்பத்தி ஒண்ணு,” என்றார் யூவன், டாக்டர் முடிவைச் சொல்கிற குரலில்.

“குலத்துக்கொரு கட்டம்னு சொல்வாங்களே, இது எந்தக் குலத்தோடது?”

“எந்தக் குலமும் இல்ல. பேக்டரில எவனோ ஒருத்தன் நல்லா இருக்குன்னு போட்ட கட்டம். அதுல ஒரு வசதி, யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க.”

சாம்பலும் நீலமும் கலந்த கட்டம். முழங்கால் நடுவில் சரியாக நின்றது. உட்கார்ந்து பார்த்தான், பின் மடிப்பைக் கையால் தடவிக்கொண்டு உட்கார வேண்டும் என்று யூவன் சொல்லிக் கொடுத்தார். எழுந்து நடந்தான். வயிறு அப்பாடா என்றது. பல மாதங்களுக்குப் பிறகு வயிறும் அவனும் சமாதானமாக ஒரு கடையை விட்டு வெளியே வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, முரட்டுக் காலணி, பழைய ஸ்வெட்டர், கில்ட். பஸ்ஸில் ஏறியதுமே டிரைவர் கேட்டார்: “யாருக்குக் கல்யாணம்?”

“யாருக்கும் இல்ல. சும்மா.”

“திங்கக்கிழமை காலைலயே சும்மாவா?” என்று தலையை ஆட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

ஆபீஸ் வாசலில் நெட்டா நின்றிருந்தாள். ஆபீஸில் வருகைப் பதிவு, லீவு, பிஸ்கட் டப்பா மூன்றும் அவள் கையில். அறுபது வயதில் எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். மர்டோவைப் பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“அடி ஆத்தி! மாப்பிள்ளை களை சொட்டுதே, கண்ணு!”

“மாப்பிள்ளையா? அதெல்லாம் இல்ல நெட்டா. தினமும் போடத்தான் வாங்கினேன்.”

“ஆமாமா, தினமும் போடத்தான்,” என்று கண்ணடித்தாள்.

முதலாளி கில்லிஸ் அறையிலிருந்து வெளியே வந்தார். கில்ட்டின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தார். முகம் இருண்டது.

“மர்டோ, இது நம்ம ஆடு இல்லியே.”

“இல்ல சார்.”

“எந்த ஆடும் இல்லியே!”

“கொஞ்சம்… பாலியஸ்டர் சார்.”

“முப்பது வருஷமா கம்பளி வித்துச் சோறு சாப்பிடுறேன். என் ஆபீஸ்லயே என் கண் முன்னாடியே பெட்ரோல்ல செஞ்ச கில்ட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறியேய்யா!”

மர்டோ வாயில் வந்ததைச் சொன்னான். “இது சும்மா பழகிக்கிறதுக்கு சார். நல்லதா ஒண்ணு அப்புறம் வாங்குவேன்.”

கிடங்கிலிருந்து ரசீதோடு வந்த ரோரி காதில் அது விழுந்தது. ரோரிக்கு ஆட்டு ரோமப் பொதியைத் தூக்கிப் பழகிய தோளும், மெதுவாகப் பேசிப் பழகாத தொண்டையும் உண்டு.

“பழகிக்கிறியா? அடுத்தவன் கல்யாணத்துக்கு எவன்டா பழகிக்குவான்? சொந்தக் கல்யாணத்துக்குத்தான் பழகுவான்! மாப்ளே, சொல்லவே இல்ல பாத்தியா!”

எல்லாரும் கை தட்டினார்கள். மர்டோ எதிர் மேசையைப் பார்த்தான். ஊனாவின் முகம் செக்கச் சிவந்திருந்தது. பேனாவைக் கீழே போட்டாள், எடுக்காமலே எழுந்து கழிவறைப் பக்கம் போய்விட்டாள்.

போச்சு, என்று மர்டோ நினைத்துக்கொண்டான். பதினோரு வருஷமாகக் கேட்காமல் இருந்தாயே, இப்போது நீ வேறொருத்தியைக் கட்டப்போகிறாய் என்று அவள் தன் காதாலேயே கேட்டுவிட்டாள்.

மறுநாள் லாரி வந்தது. பொதிகளை எண்ண மர்டோ ஏற்றுமேடைக்குப் போனான். ஐந்து கஜத்துப் பாலியஸ்டருக்கு எடை கிடையாது என்பதைக் கடலிலிருந்து வந்த காற்று உடனே கண்டுபிடித்துவிட்டது. முன்பக்கத்தைப் பிடித்தால் பின்பக்கம் எழுந்தது. பின்பக்கத்தைப் பிடித்தால் பேரேடு பறந்தது. வேறு வழி தெரியாமல் அவிழ்ந்து கிடந்த ஒரு பொதியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தான். கில்ட் அடங்கியது. பத்து நிமிஷம் கழித்து எழுந்தபோது பொதியில் பாதி அவனோடு எழுந்து வந்தது. பாலியஸ்டருக்கும் ஆட்டு ரோமத்துக்கும் நடுவே அப்படி ஓர் ஈர்ப்பு. தட்டினால் கையில் சுருக்கென்று மின்சாரம் அடித்தது. தட்டத் தட்ட இன்னும் ஒட்டியது.

“சார்!” என்று ரோரி உள்ளே பார்த்துக் கத்தினான். “நீங்க கேட்ட ஆடு வந்துடுச்சு!”

ஊனாதான் அவனை ஒரு மூலைக்கு இழுத்துப்போய், ஈரத்துணியால் ஒவ்வொரு கொத்தாக எடுத்தாள். அவ்வளவு பக்கத்தில் அவள் நின்றது இதுவே முதல் தடவை. மர்டோவுக்கு மறுபடியும் மூச்சு நின்றுவிட்டது, இந்தத் தடவை பேன்ட் காரணமில்லாமல்.

“நாள் நெருங்குதுல்ல? கொஞ்சம் ஒழுங்கா இருக்கக் கூடாதா?” என்றாள்.

“ஊனா… பொண்ணு யாருன்னு நீ கேக்கவே இல்லியே?”

“நான் எதுக்குக் கேக்கணும்?” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பாவம், எப்படி அடக்கிக்கொள்கிறாள், என்று மர்டோ அன்று முழுக்க மனசுக்குள் மாய்ந்து போனான்.

புதன்கிழமை கில்லிஸ் அவனைக் கூப்பிட்டார். நேற்று வரை அவர் முகத்தில் இருந்த இருட்டு இல்லை.

“ரெண்டு வாரம் லீவு. நீ கேக்கிறதுக்கு முந்தியே கையெழுத்துப் போட்டாச்சு. சந்தோஷமா இரு.”

“சார், ஒரு நிமிஷம். கல்யாணம் எனக்கு இல்ல…” மர்டோ அவசரமாகத் தேடினான். “என் சித்தப்பா பையனுக்கு. அல்லாபூல் ஊர்ல.”

கதவருகே நின்ற ரோரி விழுந்து விழுந்து சிரித்தான். “எந்தச் சித்தப்பா? அல்லாபூல்ல படகு வச்சிருக்காரே அவரா? அவருக்கு ரெண்டும் பொண்ணாச்சே! என் மச்சினி கூடப் படிச்ச புள்ளைங்கடா!”

“வெக்கப்படுறான்யா,” என்று கில்லிஸ் உருகினார். “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கல்யாணத்தன்னிக்குக் காலைல நான் மீன்பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டு ஆத்துக்குப் போயிட்டேன். எங்க மாமனார்தான் வந்து தூக்கிட்டுப் போனாரு.”

பொய் சொன்னதும் போச்சு, உண்மை சொல்வதற்கு இருந்த இடமும் போச்சு. அன்று வீட்டில் மர்டோ ஒரு முடிவுக்கு வந்தான். இத்தனைக்கும் காரணம் கில்ட். கில்ட்டை விட்டுவிட்டால் கல்யாணப் பேச்சும் விட்டுப்போகும்.

வியாழக்கிழமை பேன்ட்டில் போனான். இரண்டு ஊக்கு, தோள்வார், வெளியே தெரியாமல் நீளமான ஸ்வெட்டர்.

அவன் உள்ளே நுழைந்ததும் ஆபீஸ் அப்படியே நின்றது. தட்டச்சு நின்றது. நெட்டாவின் கையில் பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

“கில்ட்டு எங்க?” என்றான் ரோரி. அவன் மெதுவாகப் பேசி அன்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

“வீட்டுல. இனிமே போடப்போறதில்ல. எல்லாம் அவ்வளவுதான்.”

ஊனா எழுந்து வெளியே போனாள். ஒரு மணி நேரம் திரும்பி வரவில்லை. வந்தபோது கண் வீங்கியிருந்தது. நாலு மணிக்கு ஷார்ட்பிரெட் முழுதையும் அவளே தின்றாள், ஒரு துணுக்குக்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

முகம் தெரியாத ஒரு பெண்ணுக்காக இவ்வளவு அழுகிறாளே, என்ன நல்ல மனசு, என்று மர்டோ வியந்தான்.

நெட்டா அவன் தேநீரை மேசையில் வைத்த வேகத்தில் பாதி அவன் மடியில் கொட்டியது.

“பொம்பளை மனசுன்னா உனக்கு விளையாட்டா?”

“நெட்டா, அந்தப் பொண்ணே…”

“பேசாத! பேசினா மீதியையும் ஊத்துவேன்!”

கில்லிஸ் வந்து அவனை இறுகக் கட்டிக்கொண்டார். ஆறுதல் சொல்வதில் அவருக்குப் பழக்கம் போதாது, பலம் அதிகம். மர்டோவின் இடுப்பில் எங்கோ ஓர் ஊக்கு வாயைத் திறந்தது. கில்லிஸ் “ஆ!” என்று அலறிப் பின்னால் குதித்தார். குதித்தவர் கையோடு தோள்வாரும் போனது. பேன்ட் தன் கடமையிலிருந்து விலகிக்கொண்டு கணுக்காலுக்கு இறங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மர்டோவுக்கு மிகவும் வலித்தது. ஒரு மனிதனின் பேன்ட் அவிழ்ந்து விழுந்தும் ஊர் சிரிக்கவில்லை என்றால், அவன் நிலைமை அவ்வளவு மோசம்.

வெள்ளிக்கிழமை போட்டுக்கொள்ள வேறு எதுவும் மிச்சமில்லை. கில்ட்டையே எடுத்துக் கட்டிக்கொண்டான், மூன்றாவது துளையில். உள்ளே காலடி வைத்ததும் கூரை பறக்கக் கைதட்டல்.

“சேந்துட்டாங்க!” என்று ரோரி ஊருக்கே சொன்னான். “நான்தான் சொன்னேன்ல, சேந்துடுவாங்கன்னு!”

மேசை மேல் ஒரு கேக். பக்கத்தில் பழுப்புக் காகிதத்தில் கட்டிய ஒரு பொட்டலம். கில்லிஸ் அதைத் தானே பிரித்தார். எட்டு கஜம், சுத்தக் கம்பளி, மெக்கிவர் குலத்துக் கட்டம்.

“நம்ம ஆடு,” என்றார் கில்லிஸ். “நானே பொறுக்கி, நம்ம கம்பளி வாங்குற ஆலைல சொல்லி நெய்ய வச்சேன். என் ஆளு ஒருத்தன் மணமேடைல பிளாஸ்டிக் கட்டிக்கிட்டு நிக்க விடமாட்டேன்.”

மர்டோ அந்தத் துணியைத் தொட்டான். அவ்வளவு மென்மையான ஒன்றை அவன் கையால் தொட்டதில்லை, லாரி லாரியாக அனுப்பியிருக்கிறான் என்றாலும். பொய்யை இதற்கு மேல் இழுக்க முடியாது. மூலையில் ஊனா நின்றிருந்தாள், நீல உடையில், அவனைப் பார்க்காமல் கேக்கையே பார்த்துக்கொண்டு.

“சார், இதை நான் வாங்கிக்க முடியாது,” என்றான். “எல்லாரும் கேளுங்க. கல்யாணம் இல்ல. பொண்ணு இல்ல. தொப்பைதான் இருக்கு.”

ரோரி கேக் வெட்டும் கத்தியைக் கீழே வைத்தான்.

“என் பேன்ட் எதுவும் பூட்டல. போன வாரம் ஊனா டீயில விழுந்த பொத்தான் கூரைலேருந்து வரல, இங்கேருந்துதான் வந்துச்சு. பெரிய பேன்ட் வாங்க வெக்கமா இருந்துச்சு. நாப்பத்தி ஒரு அங்குலம். ஐம்பத்தஞ்சு பவுண்டுக்குக் கிடைச்சுதுன்னு இதை வாங்கினேன், துளை மாத்தி மாத்திக் கட்டிக்கலாம்னு. அவ்வளவுதான் விஷயம். நீங்களா ஒரு கல்யாணத்தைக் கட்டிக்கிட்டீங்க. அதை இல்லன்னு சொல்லக்கூட எனக்குச் சாமர்த்தியம் இல்ல.”

ஆரம்பித்தாகிவிட்டது, பாதியில் நிறுத்தினால் மறுபடி பதினோரு வருஷம் ஆகும் என்று மர்டோவுக்குத் தோன்றியது.

“கல்யாணம் பண்ணிக்க ஆசை இல்லாம இல்ல. எதிர் மேசைல உக்காந்திருக்கிறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு பதினோரு வருஷமா நினைக்கிறேன். அதுக்கும் தைரியம் வரல. இப்படிப்பட்ட ஆளுக்கு யாரு சார் பொண்ணு குடுப்பா? கேக்கை நீங்களே சாப்பிடுங்க.”

ஊனா தலை நிமிரவில்லை. அவள் காதுகள் மட்டும் மெல்லச் சிவந்துகொண்டே வந்தன.

நெட்டா மூக்கைச் சிந்தினாள். பிறகு தன் மேசைக்குப் போய், இழுப்பறையைத் திறந்து, லீவுக் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

“உன் கில்ட்டைப் பாத்துத்தான் நாங்க எல்லாரும் பேசினோம்னு நினைச்சியா, கண்ணு? போன மாசம் பத்தாம் தேதியே ஊனா கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் லீவு கேட்டு எழுதிக் குடுத்துட்டா. மாப்பிள்ளை பேரு மர்டோ மெக்கிவர்னு போட்டு, கீழே ஒரு குறிப்பும் எழுதியிருக்கா: ‘மாப்பிள்ளைக்கு இன்னும் தெரியாது.’”